கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு மதியம் என்ன கொடுத்தனுப்பலாம்?

தை முதல் நாளன்று அவனியாபுரத்தில் வாடிவாசல் திறப்பதற்கு முன்பே வீட்டு வாசல்களில் பொங்கல் பானை ஏறிவிடும். பானையில் பொங்குவது புதுப் பச்சரிசி. கோதுமைக்கு அங்கே இடமில்லை. மதுரையைச் சுற்றியுள்ள இச்சமவெளி, கண்மாய்ப் பாசனத்தில் நெல்லையும், வானம் பார்த்த மேட்டு நிலங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு முதலியவற்றையும் விளைவித்த பூமி. 2011-இல் அவனியாபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊரின் முகம் மாறிவிட்டது. ஆயினும் நண்பகலில் நம் அடுப்புகளில் கொதிப்பது இன்றும் அரிசிதான். இதனை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோதுமை அறவே ஆகாத சீலியாக் என்னும் நோய் சில குழந்தைகளுக்கு வருகிறது. அந்நோய் கண்ட குழந்தைக்கு என்ன சமைப்பது என்று பிற நாட்டுத் தாய்மார் திகைத்து நிற்கும் வேளையில், நம் தாய்மாருக்கு விடை அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. நாம் அஞ்ச வேண்டியது சோற்றை அன்று. சோற்றோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கும் கோதுமையையே.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் பசைத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு கிழியாமல் இழுபடுவதும், பரோட்டா மாவை வீசியடித்தால் துணிபோல் விரிவதும் இப்புரதத்தின் வேலை. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் பிறவியிலேயே அதற்குரிய உடற்கூறு அமைந்த சிலருக்கு, இப்புரதம் உள்ளே சென்றதும் உடலின் காப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. உணவின் சத்தை உறிஞ்ச வேண்டிய நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் குழந்தை தேறாது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, மெலிந்த கைகால், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் மாறாத சோகை, வயதுக்கேற்ற உயரமின்மை, ஓயாத சிணுங்கல் ஆகியவை இதன் அடையாளங்கள். சில குழந்தைகளிடம் வயிற்றுக் கோளாறே தோன்றாமல் வளர்ச்சிக் குறைவு மட்டுமே தெரியும். பூச்சி என்றும், குடலேற்றம் என்றும், கண்ணேறு என்றும் சொல்லி ஆண்டுகளைக் கழித்துவிடுவோர் நம்மிடையே உண்டு.

"அரிசி உண்ணும் நம்மவர்க்கு இது வருமா?" என்று கேட்கலாம். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடம். ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ மூவருள் ஒருவரிடம் இருந்தது. வேறுபட்டது உண்ட கோதுமையின் அளவே: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் பிள்ளைகளைக் காத்துவந்தது இரத்தம் அன்று, சோற்றுப்பானை என்றே கருதத் தோன்றுகிறது. காலையில் பிஸ்கட், மாலையில் பன், இரவில் பரோட்டா, இடையில் நூடுல்ஸ் என்று மாறிவரும் வீடுகள் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐயம் தோன்றியவுடன் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. முதலில் குழந்தைநல மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனையும், தேவைப்படின் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கோதுமையை நிறுத்திய பின் சோதித்தால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் பெற்றோரையும் சோதிப்பது முறை. அதன் பிறகு விலக்கு என்பது வாழ்நாள் முழுவதற்குமானது; உடம்பு தேறியதும் விட்டுவிடும் பத்தியம் அன்று.

இந்த உண்மையை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1888-இல் சாமுவேல் ஜீ என்னும் இலண்டன் மருத்துவர், இந்நோய் தீருமானால் அது உணவினாலேயே தீரும் என்று எழுதினார். எந்த உணவு என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் தகாதவை என்று ஒதுக்கியவற்றுள் பாவம், நம் அரிசியும் ஒன்று! 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். குணமளித்தது வாழைப்பழம் என்றே அவர் நம்பினார். ரொட்டி இல்லாமற்போனதே காரணம் என்று அறிந்தாரில்லை. உண்மையைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லம் டிக்கே. கோதுமையின் மீது அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போர்க் கொடுமையால் அந்நாட்டில் கடும் பஞ்சம் நேர்ந்து ரொட்டி கிடைக்காமற்போனபோது, மக்கள் வாடிக்கிடக்க, இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை நிறுவினார்.

இனி நம் அடுக்களைக்குள் நுழைவோம்.

அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகிய தானியங்களில் இத்தீங்கு இல்லை. பருப்பு, பயறு வகைகள், கிழங்குகள், ஜவ்வரிசி, பால், முட்டை, மீன், இறைச்சி, காய், கனி அனைத்தும் கொடுக்கலாம். விலக்க வேண்டியவை கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா. ரவை கோதுமையே என்பதை மறந்து, "சப்பாத்தி கொடுக்கவில்லை, உப்புமாதான் கொடுத்தேன்" என்று சொல்லும் தாய்மார் உளர். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பார்லிக் கஞ்சி கொடுப்பது நம் பழக்கம்; இக்குழந்தைக்கு அதுவும் ஆகாது. டின்களில் விற்கும் மால்ட் பானங்கள் பெரும்பாலும் முளைகட்டிய பார்லியினின்று செய்யப்படுபவை, அவையும் ஆகா. வீட்டில் முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மால்ட் நன்று. கடையில் வாங்கும் ராகி சேமியாவில் கோதுமையும் கலந்திருக்கக்கூடும். உறையின் மேல் அச்சிட்டுள்ளதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஓட்ஸ் தன்னளவில் கோதுமையினம் அன்றாயினும் விளையும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் கோதுமை கலந்துவிடுகிறது. மருத்துவர் சொன்னாலன்றி அதனைத் தொட வேண்டா.

யாரும் எதிர்பாராத இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் மாவும் சேர்ப்பது வழக்கம். அம்மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. சாம்பார், இரசம், புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப்பொடி என்று அது நுழையாத பண்டம் இல்லை. கிள்ளுப் பெருங்காயம்தானே என்று எண்ணலாகாது. நாள்தோறும் சேரும் சிறிதளவே குடற்புண்ணை ஆறவிடாமற் செய்யப் போதுமானது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று உறையில் தெளிவாக அச்சிட்டிருந்தால் வாங்கலாம். இல்லையேல் இரசத்திலும் சாம்பாரிலும் நான்கு பல் பூண்டைத் தட்டிப்போட்டால் மணத்திற்குக் குறைவில்லை.

மற்றோர் இடம் தெருமுனை மாவு மில். நமக்கு முன்னே சென்றவர் ரேஷன் கோதுமையை அரைத்துச் சென்றிருப்பார். அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழும்போது முதலில் வரும் மாவோடு அவருடைய கோதுமையும் வந்துவிடும். ஆதலின் இக்குழந்தைக்கான மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே பாதுகாப்பு. தானியத்தை வாங்கியதும் புடைத்துக் கல் பொறுக்கும்போது கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பார்த்து, கழுவி, வெயிலில் உலர்த்திய பின்னரே அரைக்க வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்ப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் கூடா. இக்குழந்தைக்கென்று தனித் தோசைக்கல்லும் தனிச் சல்லடையும் இருக்கட்டும், செலவு ஒருமுறைதான். கடைத் தோசைக்கும் இதே விதி. பரோட்டாக் கல்லிலேயே தோசையும் கறிதோசையும் வார்க்கும் கடைகள் நம் மதுரையில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை.

மதிய உணவுக்கு வருவோம். பள்ளிக்குக் கொண்டுபோகும் உணவு நான்கு மணி நேரம் டப்பாவுக்குள் கிடக்கும். கெடாமலும், காய்ந்து இறுகாமலும், சின்னக் கைகளால் எடுத்துண்ண எளிதாகவும் அது இருத்தல் வேண்டும். குளூட்டன் இல்லாத மாவு இழுபடாது, பிளந்துபோகும் என்பது பிற நாட்டுச் சமையற்காரர்களின் பெருங்கவலை. அதற்கென்று பசைப்பொடிகளை விலைகொடுத்து வாங்குகின்றனர். நம் பாட்டிமார் இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டனர். இடியாப்பத்திற்கும் கொழுக்கட்டைக்கும் கொதிக்கும் நீரை ஊற்றி மாவு பிசைகிறோமே, ஏன்? வெந்நீர் பட்டதும் அரிசிமாவின் ஒரு பகுதி வெந்து, அதுவே பசையாகி எஞ்சியதைப் பிணைத்துக்கொள்கிறது. இட்லியில் அவ்வேலையைச் செய்வது உளுந்தின் வழவழப்பு. அது புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி பஞ்சுபோல் எழும்புகிறது. இவ்விரண்டு நுணுக்கங்களையும் கைக்கொண்டால் எத்தனையோ பண்டங்கள் செய்யலாம்.

சின்னஞ்சிறார்க்கு மிகவும் உகந்தது குழிப்பணியாரம் என்பது என் கருத்து. இட்லி மாவில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், துருவிய கேரட், கறிவேப்பிலை சேர்த்து, நல்லெண்ணெய் தடவிய குழியில் வார்த்தெடுத்தால் ஆறினாலும் மிருதுவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாய் அளவு. மறுநாள் கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இனிப்பாகச் செய்யலாம். இட்லியே கொடுப்பதானால் சிறு துண்டுகளாக்கி, எள்ளும் வற்றல் மிளகாயும் உளுந்தும் வறுத்து வீட்டிலேயே பெருங்காயமின்றி இடித்த பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி அனுப்புக. சட்னி நண்பகலுக்குள் ஊசிப்போகும்.

பிற பிள்ளைகள் ரவை உப்புமா கொண்டுவரும்போது நம் குழந்தைக்கு அரிசி உப்புமா. 1 கப் பச்சரிசி, 2 மேசைக்கரண்டி துவரம் பருப்பு, சிறிது மிளகு, சீரகம் ஆகியவற்றை மிக்ஸியில் ரவைப் பதத்தில் உடைத்துக்கொள்ள வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இரண்டரைக் கப் நீர் கொதித்ததும் உடைத்த அரிசியைத் தூவிக் கிளறி, மூடி, சிறு தணலில் வேகவிடுக. இறக்கும்போது இரு கரண்டி தேங்காய்த் துருவல். அதையே பிடித்து ஆவியில் வைத்தால் பிடிகொழுக்கட்டை. கையிலெடுத்து உண்ணப் பிள்ளைகளுக்கு அதுவே எளிது. அவித்த பச்சைப்பயறும் வெல்லமும் தேங்காயும் உள்ளே வைத்த பூரணக் கொழுக்கட்டை ஒரு நாள். எலுமிச்சம்பழம் பிழிந்து வேர்க்கடலைப் பொடி தூவிய இடியாப்பம் ஒரு நாள்.

தயிர்ச்சோற்றில் ஒரு செய்தி. தயிரை மிகுதியாக ஊற்றிப் பிசைந்தால் மதுரை வெயிலில் நண்பகலுக்குள் புளித்துவிடும். 1 கப் சோற்றைச் சூட்டோடு குழைய மசித்து, முக்கால் கப் காய்ச்சி ஆறிய பாலும் 1 தேக்கரண்டி தயிரும் சேர்த்துப் பிசைந்து அனுப்பினால் உண்ணும் வேளைக்குச் சரியான பதத்தில் உறைந்திருக்கும். மாதுளை முத்துகளோ துருவிய கேரட்டோ தூவினால் கண்ணுக்கும் அழகு.

ஆனால் வெள்ளைச் சோற்றை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. இந்நோய்க் குழந்தைகள் கண்டறியப்படும் வேளையில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் இழந்து நிற்பவர்கள். தீட்டிய அரிசியில் அவை குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேறெந்தத் தானியமும் அதற்கு அருகில் வராது. 1 கப் கேழ்வரகு மாவு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நறுக்கிய வெங்காயம், உப்பு சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் மெல்லத் தட்டிக் கல்லிலிடுக. ஆறியபின் அடை இறுகாதிருக்க, ஒரு சிறு உருளைக்கிழங்கை அவித்து மசித்து மாவோடு சேர்ப்பது நல்ல உபாயம். கம்பும் பச்சரிசியும் பருப்புகளும் ஊறவைத்து அரைத்த அடை, சாமையில் செய்த புளியோதரை ஆகியவையும் வாரத்தில் ஒவ்வொரு நாள் வரட்டும். உடன் ஓர் அவித்த முட்டையோ சுண்டலோ வாழைப்பழமோ, பருவத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ இருக்கட்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் நல்லதே. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்து வெல்லத்தோடு உருண்டையாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு உயர்ந்த விலைக்கு விற்கும் பிஸ்கட்டுகள் இன்று கிடைக்கின்றன. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது அவ்வாறு அச்சிடுவதற்குரிய அரசு விதி. பயணத்திற்கு அவை உதவும். அன்றாடத்திற்கு நம் பணியாரத்தை அவை வெல்லா.

பள்ளியில் உண்ணும் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் மதிய உணவு சோற்றை அடிப்படையாகக் கொண்டது. சாம்பாரில் இடும் பெருங்காயத்தை மட்டும் அமைப்பாளரிடம் கேட்டறிந்தால் போதும். காலை உணவு அவ்வாறன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டைப் பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. 2024-இல் ஊர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்ததால் நம் கன்னியர் நடத்தும் பள்ளிகள் பலவற்றிலும் இன்று அந்த உணவு உண்டு. எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் பசியாற்றும் நற்பணி அது. ஆயின் தொடக்கத்தில் வகுத்த பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை ஆகியவற்றால் ஆன உப்புமாவும் கிச்சடியும் பல நாள்களில் இடம்பெற்றன. நோயுள்ள குழந்தைக்கு அரிசியால் ஆன உணவு வரும் நாளில் மட்டுமே பந்தியில் இடம். ஆகவே பெற்றோர் மருத்துவரின் சீட்டோடு தலைமையாசிரியரைக் கண்டு பேச வேண்டும். பிற நாள்களில் வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்து அதே பந்தியில், அதே வரிசையில் உண்ண இசைவு பெற வேண்டும். தனியே மூலையில் உட்கார வைத்தால் பிள்ளை நாளடைவில் டப்பாவையே மறைக்கத் தொடங்கிவிடும். பண்டமாற்று பிள்ளைகளின் இயல்பு. வாங்கி உண்ணக்கூடாது, ஆனால் கொடுக்கலாம் என்று சொல்லி, டப்பாவில் இரண்டு பணியாரம் கூடுதலாக வைத்தனுப்புங்கள். பிறந்தநாள் கேக் வரும் நாளுக்கென்று கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை ஆசிரியையிடம் முன்பே ஒப்படைத்து வைக்கலாம்.

கிறிஸ்துமஸ் பலகாரங்களில் அதிரசமும் முறுக்கும் அரிசியே. அச்சுமுறுக்கையும் முந்திரிக்கொத்தின் மேல்மாவையும் மைதாவுக்கு மாற்றாக அரிசிமாவில் செய்வது எளிது. கேக்கும் கல்கலும் அவ்வாண்டு வீட்டில் எவர்க்கும் இல்லையென்றால் குழந்தை ஏங்காது.

இறுதியாக, முதல் நற்கருணை. அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே குளூட்டன் முற்றிலும் நீக்கிய அப்பமும் அரிசி அப்பமும் திருப்பலிக்குத் தகா. 2003 ஜூலையில் கர்தினால் இராட்சிங்கர் கையொப்பமிட்டு ஆயர் பேரவைகளுக்கு அனுப்பிய மடலும், 2017-இல் திருவழிபாட்டுப் பேராயம் விடுத்த மடலும் இதனை உறுதிசெய்துள்ளன. அதே வேளையில், அப்பமாவதற்குப் போதிய அளவு மட்டும் குளூட்டன் எஞ்சிய, குறை குளூட்டன் அப்பம் தகும். அதுவும் ஒவ்வாதவர் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். எந்த வடிவில் பெற்றாலும் பெறுவது முழுமையான கிறிஸ்துவையே. குறை குளூட்டன் அப்பம் தம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இரச வடிவமானால், குரு அப்பத்தின் சிறு துண்டை இடும் கிண்ணம் அன்றி வேறொரு சிறு கிண்ணம் தேவை. வழக்கமான அப்பங்களைத் தொட்ட விரலாலும் தட்டாலும் குறை குளூட்டன் அப்பத்தைத் தொடாமலிருக்கவும் ஏற்பாடு வேண்டும். மறைக்கல்வி வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே பங்குத்தந்தையிடம் இதனைத் தெரிவித்துவிட்டால், அப்பத்தை வரவழைக்கவும் கிண்ணத்தை ஒதுக்கவும், பீடச் சிறுவர்க்கும் உபதேசியாருக்கும் சொல்லி வைக்கவும் போதிய நாள் இருக்கும்.